காசு வாங்காத கவிஞர்கள்!

புத்தாண்டு அன்று பகல் முதல் நள்ளிரவு வரை நடக்கும் கவிதைத் திருவிழா

ஜனவரி 1-ந் தேதி. அமெரிக்காவில் உள்ள நியூயார்க் நகரம்.

முதல் நாள் இரவு நகரம் முழுவதும் ஆட்டம், பாட்டம், கூச்சல். நள்ளிரவு 12 மணி அடிக்கும்போது டைம்ஸ் சதுக்கத்தில் ஒளிப்பந்து இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுவார்கள். விடிந்த பிறகுதான் பலர் படுக்கைக்கே போவார்கள். ஆகவே, புத்தாண்டு அன்று பகலில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். குளிரோ எலும்பைத் துளைக்கும்.

அப்படிப்பட்ட நாளில், ஒரு பழைய தேவாலயத்தின் வாசலில் மட்டும் கூட்டம் நிற்கிறது. கம்பளிக் கோட்டுக்குள் கைகளைத் திணித்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் காத்திருக்கிறார்கள். கையில் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்.

உள்ளே என்ன? சினிமாவா? சர்க்கஸா? இரண்டும் இல்லை. கவிதை!

பகலில் தொடங்கினால் நள்ளிரவு தாண்டும் வரை கவிதை. ஒருவர் பின் ஒருவராக நூற்றுக்கும் மேற்பட்ட கவிஞர்கள் மேடை ஏறுகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒரு காசு கிடையாது. வசூல் ஆகும் பணம் முழுவதும் அந்தத் தேவாலயத்தில் இயங்கும் ஒரு கவிதை மன்றத்துக்குப் போகிறது.

1974-ம் ஆண்டு தொடங்கிய வழக்கம் இது. அரை நூற்றாண்டு தாண்டியும் நடக்கிறது. கவிதையைக் கேட்கக் கூப்பிட்டால் சொந்த மாமனே வர யோசிக்கும் இந்தக் காலத்தில், காசு கொடுத்துக் கேட்க இத்தனை பேர் எப்படி வருகிறார்கள்?

மரக்கால் கவர்னர்

கதையைத் தேவாலயத்தில் இருந்து தொடங்குவதுதான் சரி.

நியூயார்க் நகரம் முதலில் டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அப்போது அதன் பெயர் நியூ ஆம்ஸ்டர்டாம். அதை ஆண்ட கடைசி டச்சு கவர்னர் பீட்டர் ஸ்டைவசன்ட். சண்டையில் வலது காலை இழந்தவர். மரக்கால் கட்டி நடந்தவர். பெரிய கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

அவர் 1651-ல் வாங்கிய பண்ணை நிலத்தில்தான் இந்தத் தேவாலயம் நிற்கிறது. பண்ணை என்பதற்கான பழைய டச்சு வார்த்தையில் இருந்துதான் அந்தப் பகுதிக்கு 'பவரி' என்ற பெயர் வந்தது. அவர் தமது குடும்பத்துக்காக அங்கே ஒரு சிறு பிரார்த்தனைக் கூடம் கட்டினார். 1672-ல் இறந்ததும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பிற்காலத்தில், 1793-ல், அவருடைய வம்சத்தார் அந்த இடத்தைத் திருச்சபைக்கு விற்றார்கள். விலை என்ன தெரியுமா? ஒரே ஒரு டாலர்!

1799-ல் இப்போதுள்ள தேவாலயம் திறக்கப்பட்டது. செயிண்ட் மார்க்ஸ் தேவாலயம் என்று பெயர். கவர்னரின் கல்லறை அதன் அடியிலேயே இருக்கிறது. இரவு நேரங்களில் 'டொக், டொக்' என்று மரக்கால் சத்தம் கேட்பதாக அந்தப் பேட்டையில் ஒரு கதை உண்டு. பேய்க்கதைக்கு எந்த ஊரும் விலக்கு இல்லை!

அந்தப் பேட்டை பணக்காரப் பேட்டை அல்ல. வெளிநாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கமாகக் குடியிருந்த பகுதி. போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், போர்ட்டோ ரிக்கோ தீவினர் என்று பல ஜாதி ஜனங்கள். வாடகை குறைவு. வாடகை குறைந்த இடத்தைத் தேடித்தானே கவிஞர்கள் வருவார்கள்? 1950-களிலும் 60-களிலும் அவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

காபிக் கடையில் பிறந்த மன்றம்

அவர்களுக்கு முதலில் மண்டபம் ஏதும் இல்லை. காபிக் கடைகளில் கூடினார்கள். ஒருவர் எழுந்து தாம் எழுதியதைப் படிப்பார். மற்றவர்கள் காபியை உறிஞ்சியபடி கேட்பார்கள்.

இதற்கும் ஒரு தொல்லை வந்தது. 1964-ல் நகராட்சி அதிகாரிகள் கடைக்காரர் மீது பாய்ந்தார்கள். "லைசென்சு இல்லாமல் கேளிக்கை நடத்துகிறாய்" என்பது குற்றச்சாட்டு. கவிதை படிப்பது கேளிக்கையாம்! கவிஞர்கள் விடவில்லை. சேர்ந்து போராடினார்கள். ஆனாலும், கடையில் சில்லறைத் தகராறுகள் வளர்ந்தன. "நமக்கென்று ஓர் இடம் வேண்டும்" என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது.

பக்கத்திலேயே இருந்தது செயிண்ட் மார்க்ஸ் தேவாலயம். அங்கே பாதிரியாராக இருந்த மைக்கேல் ஆலன் பரந்த மனம் கொண்டவர். கவிஞர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

1966-ல் அங்கே 'பொயட்ரி புராஜெக்ட்' தொடங்கியது. 'கவிதைத் திட்டம்' என்று பொருள். திட்டம் என்று பெயர் இருந்தாலும், நம் ஊர் வழக்கப்படி அதை ஒரு கவிதை மன்றம் என்றே சொல்லலாம்.

முதல் பணம் எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கை. அமெரிக்க மத்திய அரசாங்கத்தில், இளம் குற்றவாளிகளைத் திருத்துவதற்காக ஒரு பிரிவு இருந்தது. வழிதவறிப் போகும் அந்தப் பேட்டை இளைஞர்களைக் கலையின் மூலம் நல்வழிப்படுத்தலாம் என்று கூறி, நாடகம், சினிமா, கவிதை ஆகிய மூன்றுக்கும் சேர்த்துச் சுமார் 2 லட்சம் டாலர் அங்கிருந்து கிடைத்தது. அன்றைய நாணய மதிப்பில் 15 லட்சம் ரூபாய்! அந்தக் காலத்தில் அது கொள்ளைப் பணம்.

ஆனால், அரசாங்கப் பணத்துக்கு ஆயுள் கொஞ்சம்தான். அந்த மானியம் நெடுநாள் நீடிக்கவில்லை. மன்றமோ வேர் விட்டுவிட்டது. வாரந்தோறும் கவிதை வாசிப்பு. இலவச வகுப்புகள். 1967-ல் இருந்து 'தி வேர்ல்ட்' என்று ஒரு பத்திரிகை.

பத்திரிகை என்றதும் பெரிய அச்சுக்கூடம் என்று நினைக்க வேண்டாம். சைக்ளோஸ்டைல் மெஷின்தான்! மெழுகுத் தாளில் டைப் அடித்து, மை தடவிய உருளையைச் சுற்றி எடுப்பார்கள். தாள்கள் காய்ந்ததும் மேஜையில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். கவிஞர்கள் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒவ்வொரு தாளாக எடுத்துச் சேர்த்துப் பின் அடிப்பார்கள். கூலி கிடையாது. அரட்டைதான் கூலி. பின்னால் வந்த புத்தாண்டுத் திருவிழாவின் விதை இந்த மேஜையில்தான் இருந்தது என்று சொல்லலாம்.

28 வயதுப் பெண்

1968-ல் மன்றத்தின் தலைமைப் பொறுப்பை ஆன் வால்ட்மன் என்ற இளம் பெண் ஏற்றார். அப்போது அவருக்கு வயது 23. அவரும் கவிஞர். சபையைக் கட்டிப்போடும் குரல். அதைவிட முக்கியம், பத்துப் பேரை வேலை வாங்கும் சாமர்த்தியம்.

மன்றத்தை நடத்த ஓயாமல் பணம் வேண்டும். வாசிக்க வரும் கவிஞருக்குச் சிறு சன்மானம் தர வேண்டும். தபால் தலை, காகிதம், மை, ஒலிபெருக்கி, ஊழியர் சம்பளம் என்று செலவு நீளும். அரசாங்கக் கலை நிறுவனங்கள் உதவித்தொகை தந்தன. ஆனால் அதற்கு ஆண்டுதோறும் மனுப் போட வேண்டும். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். நியூயார்க் நகராட்சியின் கஜானாவே காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. 1975-ல் நகரம் திவாலாகும் நிலைக்குப் போய்த் தப்பியது.

நம் ஊரில் ஒரு மன்றத்துக்குப் பணமுடை வந்தால் என்ன செய்வார்கள்? ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இறங்குவார்கள். அல்லது, பேர்பெற்ற நடிகரைக் கெஞ்சி, நிதிக்காக ஒரு நாடகம் போடுவார்கள். நடிகர் வராவிட்டால் கதை கந்தல்!

ஆன் வால்ட்மன் வேறு மாதிரி செய்தார். ஒரு பெரிய மனிதரை நம்பவில்லை. தமக்குத் தெரிந்த எல்லாக் கவிஞர்களையும் ஒரே நாளில் கூப்பிட்டார். "பணம் தர முடியாது. ஆளுக்குச் சில நிமிடம். வந்து படியுங்கள்" என்பதுதான் ஏற்பாடு.

நாளைத் தேர்ந்தெடுத்ததிலும் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஜனவரி 1. அன்று எல்லோருக்கும் விடுமுறை. போட்டிக்கு வேறு பெரிய நிகழ்ச்சி இல்லை. முதல் நாள் கூத்தில் களைத்தவர்களுக்கு, ஒரு மூலையில் உட்கார்ந்து பிறர் பேசுவதைக் கேட்பது சுகமாகவும் இருக்கும்!

1974-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி முதல் திருவிழா நடந்தது. அப்போது ஆன் வால்ட்மனுக்கு வயது 28. நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். 'மாரத்தான்' வாசிப்பு!

ஆர்மோனியக் கவிஞர்

அங்கே படித்தவர்களில் நம் நாட்டை அறிந்தவர்களும் உண்டு. ஆலன் கின்ஸ்பர்க் அவர்களில் முக்கியமானவர். அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்ற கவிஞர். 1962-லும் 63-லும் இந்தியாவில் பல மாதங்கள் சுற்றியவர். கல்கத்தாவிலும் காசியிலும் தங்கினார். தாடியும் ஜோல்னாப் பையுமாகத் திரிந்தார். இந்தியப் பயணத்துக்குப் பிறகு, ஆர்மோனியம் வாசித்தபடி மேடையில் பாடுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. செயிண்ட் மார்க்ஸ் அருகிலேயே பல ஆண்டுகள் குடியிருந்தார். 1997-ல் இறந்தார். புத்தாண்டுத் திருவிழாவில் அவரும் மற்றவர்களைப் போலத் தம் முறை வரும்போது எழுந்து படித்தவர்தான்.

பிலிப் கிளாஸ் என்ற இசை மேதை இதே மேடையில் பியானோ வாசித்திருக்கிறார். ரவிசங்கரோடு பழகி இந்தியத் தாளக் கணக்கைத் தெரிந்துகொண்டவர் அவர். காந்தியடிகளைப் பற்றி 'சத்தியாக்கிரகா' என்ற இசை நாடகம் எழுதியவரும் அவரே.

பாட்டி ஸ்மித் என்ற பெண்ணின் கதை இன்னும் சுவையானது. புத்தகக் கடையில் வேலை பார்த்த பெண் அவர். 1971-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் இதே தேவாலயத்தில் முதன்முதலாகத் தம் கவிதைகளைப் பலர் முன்னிலையில் படித்தார். கூட ஒரு நண்பர் கித்தார் வாசித்தார். தேவாலயத்தில் மின்சாரக் கித்தாரா என்று சிலருக்குத் திகைப்பு! நான்கே ஆண்டுகளில் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்து உலகப் புகழ் கிடைத்தது. புகழ் வந்த பிறகும் புத்தாண்டுத் திருவிழாவுக்கு வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள் என்பதால் டிக்கெட் விற்கிறது. ஆனால் அவர்களுக்கு முன்னும் பின்னும் மேடை ஏறுபவர்கள் யார்? ஒரு புத்தகம்கூட வெளியிடாத இளைஞர். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவிட்டு, இரவில் எழுதும் வாத்தியார். ஊரறிந்தவருக்கும் அவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம்தான். பேர்பெற்ற ஒருவரைப் பார்க்க வந்தவர், அதற்குள் முகம் தெரியாத இருபது பேரைக் கேட்டுவிடுகிறார். இந்த ஏற்பாட்டில் மிகவும் உயர்ந்த அம்சம் இதுதான்.

கடிகாரத்தோடு போராட்டம்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள்.

140 கவிஞர்கள். ஆளுக்கு 3 நிமிடம். மொத்தம் 420 நிமிடம். அதாவது 7 மணி நேரம். ஒருவர் இறங்கி, அடுத்தவர் ஏறி, பெயரை அறிவித்து, ஒலிபெருக்கியைச் சரிசெய்ய ஒரு நிமிடம் என்று வைத்தாலும் இன்னும் 2 மணி 20 நிமிடம். பகல் 2 மணிக்குத் தொடங்கினால் இரவு 11 மணி தாண்டிவிடும்.

இப்போது, ஒவ்வொரு கவிஞரும் "இன்னும் ஒரே ஒரு சிறிய கவிதை" என்று 2 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால்? 280 நிமிடம் ஏறிவிடும்! நாலே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசிக் கவிஞர் விடியற்காலையில் காலி நாற்காலிகளுக்குப் படிக்க வேண்டியதுதான்.

மணி அடித்த பிறகும் மைக்கை விடாத கவிஞர்கள் எந்த ஊரில்தான் இல்லை? நம் கவியரங்கங்களில் தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புவதையும், கவிஞர் அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதையும் பார்க்காதவர் உண்டா? அங்கும் அந்த வியாதி உண்டு. திருவிழா நள்ளிரவைத் தாண்டிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் ஏற்பாடு செய்பவர்களுக்கு வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. யாரை அழைப்பது? சென்ற ஆண்டு வந்தவர்களையே திரும்ப அழைத்தால் புதியவர்களுக்கு இடம் இல்லை. புதியவர்களையே அழைத்தால் பழையவர்கள் முகம் சுளிப்பார்கள். பேர்பெற்றவர்களை எல்லாம் முதலிலேயே விட்டால் கூட்டம் மாலையிலேயே கலைந்துவிடும். கடைசியில் விட்டால், அதுவரை உட்காரப் பொறுமை வேண்டும். கல்யாணப் பந்தியில் யாரை எந்த இலையில் உட்கார வைப்பது என்பது போன்ற தலைவலி! உருக்கமான கவிதைக்குப் பின் ஒரு பாட்டு, அதற்குப் பின் ஒரு நடனம், பிறகு சிரிக்க வைக்கும் ஒருவர் என்று கலந்து கட்டினால்தான் ஜனங்கள் எழுந்து போக மாட்டார்கள்.

அழைப்பு வராதவர்களின் மனத்தாங்கலும் இருக்கத்தான் செய்யும். எத்தனை பேருக்கு இடம் கொடுத்தாலும், இடம் கிடைக்காத கவிஞர்களே ஊரில் அதிகம்.

சமையல் கட்டும் புத்தக மேஜையும்

டிக்கெட் பணம் மட்டும் போதாது. பத்து மணி நேரம் உட்காருபவருக்குப் பசிக்குமா, பசிக்காதா?

ஆகவே, சாப்பாடு விற்கப்படுகிறது. தொண்டர்களே பரிமாறுகிறார்கள். சூடாக ஒரு கிண்ணம் குடித்துவிட்டு வந்தால், இன்னும் முப்பது கவிஞர்களைத் தாங்கலாம்! தானமாக வந்த பண்டத்தை விற்றால், விற்ற காசு முழுவதும் லாபம். திருவிழாக் கடை போட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

இன்னொரு பக்கம் புத்தக மேஜை. இப்போதுதான் ஒருவர் படித்துக் கேட்டோம். மனசு இளகியிருக்கிறது. அவருடைய புத்தகம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. வாங்காமல் வர முடியுமா? கடையில் ஆறு மாதம் தூசி படிந்து கிடக்கும் கவிதைப் புத்தகம், அங்கே ஆறு நிமிடத்தில் விற்றுவிடும்.

தேவாலயத்தின் கூடத்தில் நிலையான பெஞ்சுகள் கிடையாது. பெரிய மரத்தளம் மட்டும்தான். மற்ற நாட்களில் நடனக் கலைஞர்கள் அதில் ஆடுகிறார்கள். ஆகவே, நாற்காலிகளைத் தூக்கி வந்து போட வேண்டும். நாற்காலி தீர்ந்தால் ஜனங்கள் தரையில் உட்காருகிறார்கள். கோட்டையே விரிப்பாக்கிக்கொண்டு சம்மணம் போடுகிறார்கள். இந்தக் காட்சி மட்டும் நம் ஊர் கதாகாலட்சேபத்தை நினைவூட்டும்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர், நாற்காலி தூக்குபவர், குப்பை கூட்டுபவர், ஒலிபெருக்கி பார்ப்பவர் என்று எத்தனையோ கைகள். பெரும்பாலோர் தொண்டர்கள். அவர்களிலும் பலர் கவிஞர்கள். கிண்ணத்தில் சாப்பாடு ஊற்றிக் கொடுத்த பெண்ணே, அரை மணி கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு மேடையில் ஏறிப் படிப்பதும் உண்டு.

தீ!

1978-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி. தேவாலயத்தில் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது தீப்பிடித்தது. மளமளவென்று பரவியது. மரக்கூரை எரிந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் பல நொறுங்கின. ஏறக்குறைய 180 ஆண்டு நின்ற கட்டடம், சில மணி நேரத்தில் கருகிய கல்சுவர்களாக நின்றது.

மன்றத்துக்கு அது சோதனையான காலம். பத்து ஆண்டு பொறுப்பில் இருந்த ஆன் வால்ட்மன் அந்த ஆண்டுதான் விலகினார். புதியவர் கையில் மன்றம். தலைக்கு மேலே கூரை இல்லை!

"இத்தோடு தீர்ந்தது" என்று சொல்லிவிட்டு, கவிஞர்கள் மறுபடி காபிக் கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தேவாலயத்தைக் காப்பாற்றப் பேட்டை ஜனங்கள் குழு அமைத்தார்கள். நிதி திரட்டினார்கள். ஹெரால்ட் எடல்மன் என்ற கட்டடக் கலைஞர் மேற்பார்வை பார்த்தார். கல்லையும் மரத்தையும் தூக்கி வேலை செய்தவர்கள் யார் தெரியுமா? அந்தப் பேட்டையின் இளைஞர்கள். வேலையில்லாத பையன்களுக்குக் கட்டட வேலை கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. அவர்கள் கற்றுக்கொண்ட தொழிலுக்கு அந்தத் தேவாலயமே களமாயிற்று.

1966-ல் அரசாங்கம் பணம் கொடுத்தது, பேட்டைப் பையன்களைக் கலை திருத்தும் என்று. 1978-க்குப் பிறகு, அந்தப் பேட்டைப் பையன்கள்தான் கலைக்குக் கூரை போட்டுக்கொடுத்தார்கள்!

1980-களில் தேவாலயம் மீண்டும் எழுந்தது. உடைந்த ஜன்னல்களுக்குப் பதில் புதிய வண்ண ஜன்னல்கள் வந்தன. ஜனவரி 1-ந் தேதிக் கவிதையும் அந்தக் கூரையின் கீழ் திரும்பியது.

பிறகு தலைவர்கள் பலர் மாறினார்கள். பேட்டையும் மாறியது. குறைந்த வாடகைக்குக் கிடைத்த அறைகள் இப்போது பெரும் பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். தெருவுக்கு நாலு கவிஞர் குடியிருந்த காலம் போய்விட்டது. பலர் நகரின் வேறு மூலைகளில் இருந்து ரயில் ஏறி வந்து, மூன்று நிமிடம் படித்துவிட்டு, ரயில் ஏறித் திரும்புகிறார்கள். டிக்கெட் செலவு அவர்களுடையது!

வெறும் மேடை

தீக்குப் பிறகு வந்த பெரிய சோதனை கொரோனா. 2020-ல் நியூயார்க் அடைந்த துயரத்தை உலகமே பார்த்தது. நூறு பேர் ஒரு கூடத்தில் தோளோடு தோள் உரசி உட்காருவதை நினைக்கவும் முடியாத நிலை.

2021-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதித் திருவிழா இணையம் வழியாக நடந்தது. சாப்பாட்டு வரிசை இல்லை. புத்தக மேஜை இல்லை. வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் இல்லை. ஆனால் ஒரு லாபம். நியூயார்க்குக்கு ஒருபோதும் வர முடியாதவர்களும் வீட்டில் இருந்தபடியே கேட்டார்கள். "விரும்பிய தொகையை அனுப்புங்கள்" என்பதுதான் உண்டியல்.

தொற்று தணிந்த பிறகு மறுபடி தேவாலயத்துக்கே வந்துவிட்டார்கள். 2024-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதியோடு, முதல் திருவிழா நடந்து 50 ஆண்டுகள் நிறைந்தன. முதல் திருவிழாவை நடத்தியபோது 28 வயதாக இருந்த ஆன் வால்ட்மனுக்கு அப்போது வயது 78.

அந்தப் பணம் என்ன ஆகிறது?

நள்ளிரவு தாண்டிய பிறகு கடைசிக் கவிஞர் இறங்குகிறார். கூட்டம் கலைகிறது. தொண்டர்கள் நாற்காலிகளை மடக்குகிறார்கள். காகிதக் கிண்ணங்களைப் பொறுக்குகிறார்கள். ஒருவர் மேஜையில் உட்கார்ந்து காசை எண்ணுகிறார்.

ஆண்டு முழுவதும் நடக்கும் வேலைகளுக்கு அந்தப் பணம் பங்கு போடப்படுகிறது. எழுதப் பழகும் இளைஞர்களுக்கான வகுப்புகளுக்கு ஒரு பங்கு. மன்றத்தின் பத்திரிகைக்கும் செய்தி மடலுக்கும் ஒரு பங்கு. விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரு பங்கு. வாசிப்புகளை ஒலிப்பதிவு செய்து காப்பதும் மன்றத்தின் பழைய வழக்கம். இறந்துபோன எத்தனையோ கவிஞர்களின் குரல் அந்த நாடாக்களில் இருக்கிறது. அமெரிக்கப் பாராளுமன்றத்தின் நூலகமே அந்த ஒலிப்பதிவுகளை வாங்கிப் பாதுகாக்கிறது.

முக்கியமான இன்னொரு பங்கு, புதன்கிழமைக்கு. மன்றம் தொடங்கிய நாள் முதல் புதன்கிழமை இரவு என்றால் அங்கே கவிதை வாசிப்புதான். அன்று படிக்க வருபவருக்கு உறையில் போட்டுச் சிறு சன்மானம் கொடுக்கிறார்கள். ஜனவரி 1-ந் தேதி காசு வாங்காமல் படித்தவர், ஏப்ரல் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் அந்த உறையை வாங்கிக்கொண்டு போகலாம்.

புதன்கிழமைகளில் திருவிழாக் கூட்டம் இருக்காது. சில இரவுகளில் நாற்பது நாற்காலி போட்டாலே தாராளம்.